செம்மஞ்சள் விளக்கின் மேல் ஒரு பொட்டு

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய்யில்லை. மருதனார்மடச் சந்தியில் யாராவது குறுக்கே சைக்கிளை விட்டால், ஸ்கூட்டரை நிறுத்தி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் போனதில்லை. ஆனால் அந்தக் கோபமெல்லாம் வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்தால் ஆறிவிடும். ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதினால் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவு என்று ஒரு பெயர்ப்பலகை தொங்குகிறது. அதற்குள் நான் ஒருத்திதான். முன்பு என்னோடு ஒரு தம்பி வேலை செய்தான், கெட்டிக்காரன். விசா கிடைத்ததும் கனடாவுக்குப் போய்விட்டான். அவனுடைய இடத்துக்கு ஒருவரை எடுங்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், "நீர் ஒராளே காணும் பிள்ளை, உமக்கு என்ன தெரியாது?" என்பார் எங்கள் பணிப்பாளர். புகழ்ந்தே ஆளைப் பிழிந்தெடுப்பது அவருக்குக் கைவந்த கலை.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். நோயாளரைப் பதிகிற கணினி, இரத்தப் பரிசோதனைக் கணினி, மருந்துக்கடைக் கணினி, ஸ்கான் படங்களை வைத்திருக்கிற கணினி என்று மருத்துவமனைக்குப் பல கணினிகள் உண்டு. ஆனால் எதையும் கையால் தொட்டுக் காட்ட முடியாது. அவை மூன்று சேர்வர்களுக்குள் மென்பொருளாகவே உயிர்வாழும் மெய்நிகர் கணினிகள். அவற்றுக்குச் சொந்தமாக ஒரு வட்டுக்கூடக் கிடையாது. எல்லாவற்றின் சொத்தும் ஸ்டோரேஜ் என்று நாங்கள் சொல்லும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டி வாயை மூடிக்கொண்டால், எல்லாக் கணினியும் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும்.

அது வாயை மூடக்கூடாது என்பதற்காகத்தான் அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். பெட்டியின் பின்பக்கம், தரவை உள்ளே விட்டு வெளியே எடுக்க, இரண்டு கொன்ட்ரோலர்கள். ஒவ்வொரு சேர்வரிலிருந்தும் இரண்டுக்கும் தனித்தனிக் கேபிள். முன்வாசல் படலையும் பின்வாசல் படலையும் உள்ள வீட்டு வளவு மாதிரி. ஒரு படலையைக் கழற்றித் திருத்தினாலும் மற்றதால் போய்வரலாம். பெட்டிக்கு முன்னால், சரி நடுவில், ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. இரண்டு வழியும் நன்றாக இருந்தால் பச்சை. ஏதாவது ஒன்று கெட்டால் செம்மஞ்சள். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் ஒன்றும் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

அந்த வருடம் நவராத்திரி வந்தபோது எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. பெரியப்பா காலமாகி முப்பத்தொன்றாம் நாள் முடிந்திருக்கவில்லை. வேலைக்குப் போனேன், பூசைக்குப் போகவில்லை. எங்கள் மருத்துவமனையில் வாணி விழா பெரிதாக நடக்கும். கடைசி நாள் ஆயுத பூசையன்று எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து அம்புலன்ஸ் வரை எல்லாவற்றுக்கும் மாலை, சந்தனம், குங்குமம். அதற்கு முதல்நாள் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, சேர்வர் அறைத் திறப்பை இஞ்சை தாரும். பூசை வைக்கப் போறம். நீர் துடக்கோடை உள்ளுக்கை போகக்கூடாது."

கொடுத்தேன். சாவியைக் கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நானும் சைவக் குடும்பத்துப் பிள்ளைதான். துடக்கு என்றால் நல்லூர் வீதிப் பக்கமே போகமாட்டேன். ஆனால் துடக்குக் கழிந்து, வீட்டில் எல்லாம் முடிந்து, நான் போய்த் திறப்பைக் கேட்டேன் பாருங்கள், அப்போது அவர் தரவில்லை. "உது என்ரை லாச்சிக்குள்ளை கிடக்கட்டும். தேவையெண்டால் வந்து கேளும். சும்மா சும்மா திறந்தால் தூசி போகும்" என்றார். என் வேலை முழுவதும் அந்த அறைக்குள் இருக்கிறது. அதன் திறப்பு அவருடைய மேசை லாச்சிக்குள், கோயில் பிரசாதப் பொட்டலங்களோடும் பழைய பேனைகளோடும் கிடந்தது.

சில நாட்களில் என் திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. பெட்டிக்குப் போகும் இரண்டு வழிகளில் ஒன்று தெரியவில்லை என்று மூன்று சேர்வர்களும் சொல்லின. நான் திறப்புக்கு ஓடினேன். பணிப்பாளர் திறப்பைத் தராமல், பெட்டியை விற்ற கொழும்புக் கம்பனிக்குப் போன் எடுத்தார். அங்கிருந்த பொறியியலாளர் கேட்ட முதல் கேள்வி, "முன்னால லைட் என்ன கலர்ல இருக்கு சேர்?" என்பது. பணிப்பாளர் தானே எழும்பிப் போனார், அறையைத் திறந்தார், பார்த்தார், பூட்டினார், வந்தார்.

"ஒரு லைட்டும் செம்மஞ்சளா இல்லை."

அப்படியென்றால் பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை, பழைய மென்பொருள் காட்டுகிற பொய் எச்சரிக்கை அது, அடுத்த அப்கிரேட்டோடு போய்விடும் என்று கொழும்பு தீர்ப்புச் சொன்னது.

"சேர், நான் ஒருக்கால் உள்ளுக்கை போய்ப் பாக்கோணும்" என்றேன்.

"நான் பாத்திட்டன், அவரும் சொல்லிப்போட்டார். இன்னும் என்ன?"

"பின்பக்கம் கேபிளைப் பாக்கோணும் சேர். ரெண்டு நிமிஷ வேலை."

"பிள்ளை, உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்றார். நான் குரலை உயர்த்தினேன். பொம்பிளைப்பிள்ளை இப்படிக் கத்தக்கூடாது என்று வந்தது பதில். ஆம்பிளைப்பிள்ளை கத்தினால் பெட்டி திருந்திவிடுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டும்.

பெட்டி தன்பாட்டில் மின்னஞ்சலும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அது போனது கனடாவுக்குப் போன தம்பியின் முகவரிக்கு. அதை என் முகவரிக்கு மாற்றுங்கள் என்று கொழும்புக்கு எழுதினேன். பெட்டியின் கடவுச்சொல் அவர்களிடம்தான் இருந்தது. பதில் வரவில்லை. அவன் அங்கே எங்கோ வாசலில் பனியை வழித்துக்கொண்டிருந்திருப்பான். எங்கள் பெட்டியோ அவனைத்தான் கூவிக் கூவி அழைத்துக்கொண்டிருந்தது.

மாதக்கணக்கில் இழுபட்டு, ஒருவழியாக அப்கிரேட்டுக்கு நாள் குறித்தோம். நான் சொன்னது ஞாயிறு பின்னேரம். அப்போதுதான் வெளிநோயாளர் இல்லை. பணிப்பாளர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஞாயிறு கரிநாள், சரிவராது. சனி காலை ராகுகாலத்துக்கு முதல் நல்ல நேரம் இருக்கிறது, அப்போது தொடங்குவோம் என்றார். சனிக்கிழமை காலையில்தான் கொழும்பிலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர் வருவார். மாதத்தில் ஒருமுறை வருகிற மனிதர். காலையில் வெட்டிவிட்டு மத்தியானம் சாப்பிட்டதும் வாகனத்தில் ஏறிவிடுவார். அந்த ஒரு காலைக்காகக் கொடிகாமத்திலிருந்தும் வடகரையிலிருந்தும் சனம் முதல்நாளே வந்து படுத்திருக்கும்.

"சேர், டொக்டர் வாற நாளிலை பெட்டியிலை கை வைக்கக் கூடாது."

"வழி ரெண்டு இருக்கெண்டு நீர்தானே சொன்னனீர்? ஒண்டைத் திருத்தேக்கை மற்றது ஓடும். ஒருத்தருக்கும் தெரியவராது."

"ரெண்டும் ஓடினால்தான் சேர். ஒண்டு தெரியேல்லை எண்டு திரை சொல்லுது."

"அந்த முக்கோணத்தைப் போக்காட்டத்தானே பிள்ளை இதைச் செய்யிறம்."

இப்படிப்பட்ட வாதத்துக்கு என்ன பதில் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை கொழும்புப் பொறியியலாளர் தன் மேசையிலிருந்தே எங்கள் பெட்டிக்குள் நுழையப் பிந்திவிட்டார். முதலில் பெட்டியின் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும், அதற்கு அரைமணித்தியாலம் போகும் என்றார். ஒன்பதுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். பணிப்பாளர் என் கதிரைக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சோதினை எல்லாம் பிறகு பாப்பம். நேரம் போகுது. தொடங்குங்கோ."

"சோதிக்காமல் தொடங்கேலாது சேர்" என்றேன் நான். போனில் கொழும்பு, "பரவாயில்ல மிஸ், வார்னிங்க ஸ்கிப் பண்ணலாம்" என்றது. என் தலைக்கு மேலால் இரண்டு ஆண்கள் பேசி முடித்தார்கள். பணிப்பாளர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தன் விரலாலேயே விசையை அழுத்தினார். சுபநேரம் தப்பவில்லை.

நல்ல கொன்ட்ரோலர்தான் முதலில் புதுப்பிக்கப்பட்டது. அது புது மென்பொருளை ஏற்றுக்கொண்டு, திரும்ப எழும்புவதற்காகத் தன்னை நிறுத்தியது. அந்தக் கணமே என் திரை முழுவதும் சிவந்தது. மற்றப் படலை உண்மையிலேயே பூட்டித்தான் கிடந்தது. மூன்று சேர்வர்களுக்கும் பெட்டி இல்லாமல் போனது. பதிவு, பரிசோதனை, மருந்துக்கடை, ஸ்கான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நடைபாதையில் சத்தம் கேட்கத் தொடங்கியது.

என் அறைக்குப் பக்கத்தில்தான் ஸ்கான் பகுதி. அதன் வாசலில் போட்டிருந்த மர வாங்கில் வடகரையிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். கடற்றொழில்காரர், உப்பும் வெயிலும் ஏறிய முகம், தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டு. அவருடைய மனைவிக்கு ஈரலில் ஒரு கட்டி. முதல்நாள் இரவிலிருந்து பட்டினி போட்டு, சத்திரசிகிச்சைக்குத் தயாராக அந்த அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். காலையில் புதிய ஸ்கான் எடுத்தாகிவிட்டது, அதை இயந்திரத்திலேயே பார்க்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பழைய படம் எங்கள் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. தாதி ஒருத்தி வந்து நிபுணர் சொன்னதை என்னிடம் ஒப்புவித்தாள். பழைய படத்தோடு வைத்துப் பார்க்காமல் எங்கே, எவ்வளவு வெட்டுவதென்று அவர் முடிவெடுக்கமாட்டாராம். மத்தியானத்துக்குள் படம் வராவிட்டால் அடுத்த மாதம்தான்.

வாங்கில் இருந்தவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பி வந்து என் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, அவவின்ரை படம் உங்கடை பெட்டிக்குள்ளையோ கிடக்கு?"

"ஓம் அண்ணை. எடுக்கத்தான் பாக்கிறன்."

"அண்டைக்குப் படம் எடுக்கேக்கை, உறையிலை போட்டுத் தாங்கோ, வீட்டை கொண்டு போறம் எண்டு கேட்டனான். இப்ப உறையிலை குடுக்கிறேல்லை, எல்லாம் கொம்பியூட்டரிலை பத்திரமாக் கிடக்கும் எண்டியள். எங்கடை அலுமாரியிலை கிடந்திருந்தால் இண்டைக்கு நான் கொண்டந்து மேசையிலை போட்டிருப்பன். சொன்னியளோ இல்லையோ?"

குரல் ஏறிக்கொண்டே வந்தது. காவலாளி எட்டிப் பார்த்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் பேசியதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

"சொன்னதுதான் அண்ணை."

"ஒரு மாசம் கிடக்கேலுமோ அவ? அந்தக் கட்டி கிடக்க விடுமோ?"

மருத்துவம் தெரியாதவள் நான். பெட்டியைத் தெரிந்தவள், பெட்டிக்குப் பக்கத்திலே போக விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. விறுக்கென்று எழும்பிப் பணிப்பாளரின் அறைக்குப் போனேன்.

"சேர், திறப்பு. உடனை பின்பக்கம் பாக்கோணும்."

அவர் வியர்த்துப்போய் இருந்தார். பயந்துவிட்டார் என்பது தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, இப்ப ராகுகாலம். பத்தரை மட்டும் பொறும். இந்த நேரத்திலை கை வைச்சால் இன்னும் மோசமாப் போகும்."

கடவுளோடு எனக்குக் கோபம் கிடையாது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவள், வேலைக்கு வரும் வழியில் ஆஞ்சநேயருக்கு ஸ்கூட்டரில் இருந்தபடியே ஒரு கும்பிடு போடாமல் வராதவள். ஆனால் இவர் பயத்துக்கு ஒரு மறைவு தேடினார், ராகுகாலம் கைக்கு எட்டியது. அதுதான் என்னை எரித்தது.

"அந்த மனிசிக்கு ராகுகாலத்திலை கட்டி வளராமல் நிக்குமோ சேர்?" என்று கத்தினேன். கிளார்க்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மேசையைச் சுற்றிப் போய், லாச்சியை நானே இழுத்து, திறப்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை.

சேர்வர் அறையைத் திறந்ததும் முதலில் வந்தது காய்ந்த பூவின் மணம். வாணி விழா முடிந்து எத்தனை காலம்! சேர்வர்கள் அடுக்கிய ராக்கையின் மேலே வாடிய மாலை ஒன்று இன்னும் கிடந்தது. பெட்டிக்கு முன்னால் குந்தினேன். போன் காதில்.

"மிஸ், முன்னால லைட் என்ன கலர்?" கொழும்பு அதே கேள்வியைக் கேட்டது.

விளக்கைத் தேடினேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு இருந்தது. பெரிய, வட்டமான, தடித்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். நெற்றி என்று நினைத்திருப்பார்கள். பெட்டியின் சரி நடுவில் அந்தச் சின்ன விளக்குத்தான் ஒரு கண் மாதிரித் தெரியும். அதன் மேலேயே வைத்து அப்பியிருந்தார்கள். சந்தனம் காய்ந்து, வெடித்து, கல்லாகியிருந்தது.

பெருவிரல் நகத்தால் சுரண்டினேன். தூள் கொட்டியது. உள்ளே செம்மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.

எத்தனை மாதமாக அது எரிந்ததோ! ஒரு லைட்டும் செம்மஞ்சளாக இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. பார்த்தார், பொட்டைப் பார்த்தார், வந்து சொன்னார். நான் வாய்விட்டுக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். போனில் இருந்தவர் "மிஸ்?" என்றார். உங்களைச் சொல்லவில்லை என்றேன். பிறகு யோசித்து, உங்களையும்தான் என்றேன்.

பின்பக்கம் போனேன். இரண்டாவது கொன்ட்ரோலருக்குப் போகும் மூன்று கேபிள்களையும் கட்டாகச் சேர்த்து, அதில் மாவிலைத் தோரணத்தின் ஒரு நுனியை முடிந்திருந்தார்கள். முடிந்த நூல் அப்படியே இருந்தது, தோரணத்தைக் காணவில்லை. கழற்றும்போது யாரோ ஒரே இழுவையாக இழுத்திருக்கிறார்கள். மூன்று கேபிள் தலைகளும் துளையில் இருப்பதுபோல இருந்தன, ஆனால் எதுவும் உள்ளே பிடித்திருக்கவில்லை. நூலை அறுத்தேன். துடைத்து, ஒவ்வொன்றாக உள்ளே அழுத்தினேன். 'டிக்' என்று மூன்று முறை கேட்டது. பின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. இரண்டு நிமிட வேலை என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஒரு கொன்ட்ரோலர் புது மென்பொருள், மற்றது பழையது; இரண்டும் ஒத்துப்போகாமல் பெட்டி எழும்பாது. முதலில் அதையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த முறை சோதனையைத் தாண்ட நான் விடவில்லை. எல்லாம் முடிந்து இரண்டு வழியும் திறந்த பிறகும், அந்த அறைக்குள் இருந்த சேர்வர்த் திரையில் பெட்டிக்குள் இருந்த கணினிகள் ஒன்றும் இல்லை. பெயர்கள் மட்டும் மங்கலாகக் கிடந்தன, 'அணுக முடியாது' என்ற குறிப்போடு. மீண்டும் தேடச் சொன்னேன். சேர்வர் பெட்டியைக் கண்டது, ஆனால் நம்பவில்லை. புது மென்பொருள் பெட்டியின் அடையாள எண்ணை மாற்றிவிட்டிருந்தது. இது நான் அறிந்த வட்டு மாதிரி இருக்கிறது, ஆனால் அதன் பிரதியோ தெரியவில்லை, என்ன செய்ய என்று கேட்டு மூன்று வழிகள் காட்டியது. பழைய அடையாளத்தோடு ஏற்றுக்கொள். புது அடையாளம் கொடு. அழித்துப் புதிதாகத் தொடங்கு.

"மிஸ், மூணாவத அழுத்துங்க. அழிச்சிட்டு பேக்கப்ல இருந்து எடுப்பம். அதான் லேசு, பிரச்சினை வராது."

"ஸ்கான் படத்துக்குப் பேக்கப் இல்லை."

"இல்லையா?"

"படங்கள் பெரிசு, வட்டு காணாது, புதுசு வேணும் எண்டு நான் போன வருசமே கேட்டனான். அது கிடைக்கேல்லை. அழிச்சால் அந்த மனிசியின்ரை படம் அழிஞ்சதுதான்."

"மிஸ், முதலாவது ரிஸ்க். ஏதாச்சும் ஆனா கம்பனி பொறுப்பெடுக்காது."

"தம்பி, இவ்வளவு நாளும் எதுக்குப் பொறுப்பெடுத்தனியள்?"

நான் எழும்பி ஆறு கேபிள்களின் எண்களையும் பார்த்தேன். இதே பெட்டியின் வேறு பிரதி எங்கும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். உண்மையான பிரதி ஒன்று இருந்தால்தான் முதலாவது வழி ஆபத்து. இல்லை. அந்த அண்ணை என் பின்னாலேயே வந்து சேர்வர் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. முதலாவதை அழுத்தினேன்.

பெட்டி வந்தது. மங்கிக் கிடந்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

அந்த நேரம் பார்த்துப் பணிப்பாளர் உள்ளே வந்தார். "கஷியரின்ரை கொம்பியூட்டரை முதல் எழுப்பும் பிள்ளை, கியூ ரோட்டு மட்டும் நிக்குது" என்றார். நான் திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்கான் கணினியை முதலில் எழுப்பினேன். அது எழும்பி, தன்னைத் தானே சோதித்து, படங்களைத் தேடித் தொகுக்கும் வரைக்கும் நான் திரையை விட்டு அசையவில்லை. அந்த அம்மாவின் பெயரை அடித்தேன். பழைய படம் வந்தது. கறுப்பும் சாம்பலுமாக ஒரு ஈரல். ஓரத்தில் ஒரு நிழல். எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவ்வளவு வடிவான ஒன்றை நான் அந்தத் திரையில் அதற்கு முதல் பார்த்ததில்லை.

நிபுணர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டி வளர்ந்திருக்கிறது, ஆனால் பெரிய இரத்தக் குழாயை இன்னும் தொடவில்லை, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் தொட்டிருக்கும் என்றாராம். தாதிதான் வந்து சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் போனார்.

நான் நடைபாதைக்கு வந்தபோது, பணிப்பாளர் அந்த அண்ணையின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

"மெசின் எண்டால் பழுதுபடுந்தானே. நல்ல நேரத்திலை தொடங்கினபடியாத்தான் இவ்வளவோடை தப்பினது."

அந்த மனிதர் தலையை ஆட்டினார். மனைவி உள்ளே கிடக்கிறாள், யார் என்ன சொன்னாலும் அவர் தலையை ஆட்டியிருப்பார். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் காதில் போய் அதைக் கொட்ட மனம் வரவில்லை. மென்று விழுங்கினேன். அன்றிலிருந்து திறப்பு என் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. திருப்பித் தாரும் என்று அவரும் கேட்கவில்லை. இரண்டாவது ஆள் வேண்டுமென்று நான் திரும்பவும் எழுதிக் கொடுத்தேன். பாப்பம் என்றார்.

சில கிழமைகள் கழித்து அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அம்மா மெலிந்திருந்தா, சேலை உடம்பில் நிற்கவில்லை, ஆனால் தன்பாட்டில் நடந்து வந்தா. ஊர் அம்மன் கோயிலில் அருச்சனை செய்த தட்டு கையில் இருந்தது. பணிப்பாளர்தான் சிரித்த முகத்தோடு அவர்களை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

"என்ரை படத்தை வைச்சிருந்த பெட்டியை ஒருக்கால் பாக்கோணும் தங்கச்சி" என்றா அந்த அம்மா.

திறந்து காட்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தா. பெட்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டா. பிறகு தட்டிலிருந்த சந்தனத்தை விரலில் தொட்டு, "உதுக்கு ஒரு பொட்டு வைச்சுவிடட்டோ?" என்று கேட்டபடியே குனிந்தா. விரல் நேரே அந்த விளக்குக்குப் போனது.

அவவுடைய கையைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் இறுக்கித்தான் பிடித்தேன். அந்த அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தா.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அதிலை மட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டேன். பொட்டு, தோரணம், லாச்சிக்குள் கிடந்த திறப்பு, ஒன்பதுக்கு முதல் அழுத்திய விசை, எல்லாவற்றையும். பணிப்பாளர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். என் குரல் உயரவில்லை; எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அந்த அண்ணை கடைசி வரைக்கும் கேட்டார். தன் தோளில் கை போட்ட மனிதரை மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா விரலிலிருந்த சந்தனத்தைத் தன் கழுத்தில் பூசிக்கொண்டா. வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்தபடி மெதுவாகக் குனிந்து, அந்தச் சின்னப் பச்சை விளக்கைக் கிட்டப் பார்த்தா.

"உது செம்மஞ்சளா எரிஞ்சால் ஆர் பாப்பினம்?"

"நான்தான் அக்கா."

"உங்களுக்குத் துடக்கு வந்தால்?"

நாங்கள் மூன்று பேரும் பணிப்பாளரைப் பார்த்தோம். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.